இரண்டில் தொடங்கும் கணக்கு

சூளையிலிருந்து வண்டி வெளியே வரும்போது தட்டுகள் இன்னும் சூடாகத்தான் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு எடுத்தால் சூடு தெரியாது. விரிசலும் தெரியாது. அதனால் ஜோடி என்று எல்லாரும் கூப்பிடுகிற அவன் கையுறை போடுவதில்லை. வலது கையில் ஒரு தட்டு, இடது கையில் ஒரு தட்டு. இரண்டையும் காதருகே கொண்டுபோய் விளிம்போடு விளிம்பு மெல்ல இடிப்பான். ‘ணங்’ என்று கேட்டால் இரண்டும் நல்ல பிறவி. அடுக்கில் வைத்துவிட்டு “ரெண்டு” என்பான். அடுத்த ‘ணங்’குக்கு “நாலு”. அதற்கடுத்து “ஆறு”. ‘சொத்’ என்று கேட்டால் இரண்டில் ஒன்று விரிசல். அதைக் கண்டுபிடித்து உடைசல் தொட்டியில் போட்டுவிட்டு, பிழைத்ததை ஓரமாக வைப்பான். இன்னொரு அனாதை வந்து சேரும்வரை அது கணக்கில் வராது.

“நூறு” என்று அவன் குரல் கொடுத்ததும் பேக்கிங் அக்கா ஒரு பிடி வைக்கோலைத் திணித்துப் பெட்டியை மூடுவாள். பிறகு மறுபடியும் “ரெண்டு”. தொழிற்சாலையின் அந்தக் கூடத்தில் இத்தனை வருடங்களில் யாரும் ‘ஒன்று’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ஒன்று என்பது அங்கே எண் இல்லை. அது ஒரு கோளாறு.

ஜோடி ஜோடியாக எண்ணுவதால் அவனுக்கு ஜோடி என்று பெயர். மனைவி வெளிநாடு போய் மூன்று வருடம் ஆன பிறகும் அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை. இலவசமாகக் கிடைக்கிற கேலியை யார்தான் கைவிடுவார்கள்?

அவன் மனைவி அங்கே படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். கிழவி பிரெஞ்சில் திட்டுவாள். இவள் தமிழில் பதில் சொல்வாள். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கிழவியின் மகன் வந்து உட்காருவான். அந்த நேரத்தில்தான் போன் வரும். அந்த ஞாயிறும் வந்தது.

“என்னங்க, பேப்பர் வந்துடுச்சு.”

“எந்தப் பேப்பர்?”

“உங்களையும் பாப்பாவையும் கூட்டிக்கிறதுக்குங்க. வேற எந்தப் பேப்பருக்கு நாம மூணு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கோம்?”

மச்சினன் அடுப்பில் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தான். செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. அக்கா வெளிநாடு போனபோது ‘கொஞ்ச நாள் துணைக்கு’ என்று வந்தவன். கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. எட்டு வயசுப் பாப்பா ஓடிவந்து போனில் காதை ஒட்டிக்கொண்டாள்.

“பாப்பாவுக்குக் கேள்வியே கிடையாது. சின்னப் புள்ளை. உங்களைத்தான் ஆபீஸ்ல கூப்பிட்டு பிரெஞ்சுல கேப்பாங்க.”

“பிரெஞ்சுலயா? என்னத்தைக் கேப்பாங்க?”

“பயப்படாதீங்க, எல்லாம் நம்பர்தான். வயசு என்ன, வீட்டு நம்பர் என்ன, கல்யாணமாகி எத்தனை வருஷம், அப்படி. நூறு வரைக்கும் தெரிஞ்சா போதுமாம். நீங்கதான் நாள் பூரா நூறு எண்ணுற ஆளாச்சே.”

“அது தமிழ்லடி.”

“தட்டுக்குத் தெரியுமா அது எந்த பாஷைன்னு?” அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “இங்க பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வந்துடணும்ங்க. பாப்பாவுக்கு இடம் சொல்லி வெச்சிருக்கேன். ஒருவேளை உங்களுது ஆகலைன்னா...”

“ஆகலைன்னா?”

“அவளை மட்டுமாவது வரவெச்சுக்கணும். அவளுக்கும் இதுக்கு மேல விட்டா இடம் போயிடும்.”

“ஆகும்” என்றான் ஜோடி. போனை வைத்த பிறகும், யாரும் கேட்காமலே, இன்னொரு தடவை “ஆகும்” என்றான்.

மச்சினன் முட்டையைத் தட்டில் சரித்தான். “மாமா, உங்களுக்குத் தமிழே சில நாள்ல வர்றதில்ல. பாத்துக்குங்க.”

*

பிரெஞ்சு வகுப்பு ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடந்தது. படியேறும்போதே மாத்திரை வாடை. அங்கே எல்லாரும் மேடம் என்று அழைக்கிற மேடம், பிரெஞ்சு பேசும் எந்த ஊருக்கும் போனதில்லை. போகிறவர்களைத் தயார் செய்து அனுப்புவதோடு சரி. ரயில் நிலையத்தில் இருந்துகொண்டே ஆயுளைக் கழிக்கும் போர்ட்டரின் பெருமிதம் அவள் முகத்தில் இருந்தது.

“ஒண்ணுக்கு ‘அன்’. மூக்கோட நிறுத்துங்க. அந்த ‘ன்’ வெளியில வரக் கூடாது.”

“வெளியில வராம எப்படி மேடம் கேக்கும்?”

“கேக்க வேண்டியவங்களுக்குக் கேக்கும். சொல்லுங்க.”

ஜோடி சொன்னான். தும்மல் வருமுன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பின்வரிசையில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறுபதுவரை எப்படியோ போனார்கள். அதற்கப்புறம்தான் மேடம் மெதுவாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“இப்போ எழுபது. எழுபதுன்னு தனியா ஒரு சொல்லு கிடையாது. அறுபது-பத்து. ஸ்வாசான்த்-தீஸ்.”

“சரி மேடம்.”

“எண்பதும் கிடையாது. நாலு-இருபது. கத்ர-வேன்.”

“சரி மேடம்” என்றான், குரல் கொஞ்சம் இறங்கி.

“தொண்ணூறு, நாலு-இருபது-பத்து. தொண்ணூத்தெட்டு, நாலு-இருபது-பத்து-எட்டு.”

“நேர் வழியில வர்ற ஆளுங்களே இல்லையா மேடம் அந்த ஊர்ல?”

“நீங்க மட்டும் ரொம்ப யோக்கியமா?” மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “எட்டுக்கு அப்புறம் ஒம்பதுன்னு சொல்றீங்க. எண்பதுக்கு அப்புறம் அந்த ஒம்பதைக் காணோம். இன்னும் வராத நூறை இழுத்துட்டு வந்து தொண்ணூறுங்கறீங்க. எவனாவது உங்களை ஒரு வார்த்தை கேட்டானா?”

அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை ஜோடி சொந்த பாஷையைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே நடந்தான்.

அந்த மாதம் மழை விடவே இல்லை. மண் காயாததால் தட்டுகள் சூளைக்கு ஈரத்தோடு போயின. ‘சொத்’துகள் அதிகம். உடைசல் தொட்டி மதியத்துக்குள் நிரம்பியது. அந்த மழைச் சத்தத்துக்கு நடுவே ஜோடி வேலையோடு வேலையாகப் பாடத்தையும் பார்க்க ஆரம்பித்தான். ‘ணங்’, “தெ”. ‘ணங்’, “கத்ர்”. ‘ணங்’, “சீஸ்”. ‘ணங்’, “யுயித்”. தட்டின் ஓசையும் அந்தச் சொற்களும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தவை மாதிரி ஒட்டிக்கொண்டன. நாலே நாளில் வாய் தானாக ஓடியது. கத்ர-வேன்-தீஸ்-யுயித் என்பது ஒரு படிக்கட்டில் சைக்கிள் இறங்கும் சத்தம் மாதிரி கடகடவென்று வந்தது.

“சான்!” என்று குரல் கொடுத்தான்.

“எத்தனை சாண்?” என்றாள் பேக்கிங் அக்கா.

“நூறுக்கா. பிரெஞ்சுல நூறு.”

“நூறுன்னு மனுஷ பாஷையில சொல்லு. நீ அங்க போய்ப் பேசப்போறே, நான் ஏன் இங்க கெடந்து முழிக்கணும்? அதுவும் போய் என்ன பண்ணப்போறே?”

“ஓட்டல்ல தட்டு கழுவற வேலை பாத்து வெச்சிருக்காளாம்.”

அக்கா வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். “இங்கேர்ந்து நாம அனுப்புற தட்டையே அங்க போய்க் கழுவப்போறியா? அதுக்குப் பொட்டியிலயே நீயும் ஏறி உக்காந்துடேன். பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ‘உடையும் பொருள்’னு மேல எழுதி நானே அனுப்பறேன்.”

சிக்கல் எங்கே என்பதை முதலில் கண்டுபிடித்தவள் மேடம்.

“உங்களுக்கு ரெட்டைப்படை எல்லாம் தண்ணி மாதிரி வருது. நடுவுல இருக்கறதெல்லாம் எங்க போச்சு? மூணு சொல்லுங்க.”

ஜோடி கூரையைப் பார்த்தான்.

“அஞ்சு?”

தரையைப் பார்த்தான். “வேலையில அதெல்லாம் வராது மேடம். அதான் வாய் பழகல.”

ஒற்றைப்படையைப் பழக அவன் முயலாமல் இல்லை. ஒற்றைத் தட்டை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தான். அது வேறு ஏதோ மாதிரி ஒலித்தது. மேஸ்திரி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, “என்ன, கதவைத் தட்டுறியா? யாராவது தொறந்தாங்களா?” என்று கேட்டான். அதோடு அது நின்றது. மாதிரித் தேர்வுகளில் நூற்றுக்குச் சரியாகப் பாதி வாங்கினான். பாதிக்குத் தேர்ச்சி உண்டு என்பது மட்டும்தான் ஆறுதல்.

வழி சொன்னவள் பாப்பா. ரொட்டியை டீயில் நனைத்தபடியே ஒரு வக்கீல் மாதிரி விசாரித்தாள்.

“உங்க வயசு?”

“கரான்த்-தெ.” நாற்பத்திரண்டு.

“வீட்டு நம்பர்?”

“செஸ்.” பதினாறு.

“கல்யாணம் ஆகி?”

“தீஸ்.”

“என் வயசு?”

“யுயித்.”

“அப்பா, எல்லாமே உங்களுக்குத் தெரிஞ்சதுதான்ப்பா! எல்லாமே ரெட்டை!” பாப்பா கை தட்டினாள். பிறகு யோசித்தாள். “ஒண்ணே ஒண்ணுதான் ஒத்தை. பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டா. அது நான். அதை மட்டும் மனப்பாடம் பண்ணிடுங்க, போதும்.”

ஒரு சொல். ஒரே ஒரு எழுத்து மாதிரி ஒரு சொல். ஜோடி அதைப் பல் தேய்க்கும்போது சொன்னான். துணி அலசும்போது சொன்னான். “அன். அன். அன்.”

“சளிக்கு மாத்திரை வாங்கிட்டு வரட்டா மாமா?” என்றான் மச்சினன்.

*

ஆபீஸ் முழுக்கக் கண்ணாடி. வெளியே மழை பெய்வது தெரிந்தது, கேட்கவில்லை. முதலில் விரல் ரேகை எடுக்க வேண்டுமென்றார்கள். ஜோடி விரலை வைத்தான். எந்திரம் சிவப்பாக எரிந்தது. துடைத்து வைத்தான். மறுபடியும் சிவப்பு. சூட்டுத் தட்டுகள் அவன் ரேகைகளை என்றோ வாங்கிக்கொண்டுவிட்டன. அங்கிருந்த பெண் அவன் விரல்களுக்கு ஏதோ களிம்பு தடவி, ஊதி, அழுத்தி, பத்து விரலில் ஒரு சுண்டுவிரலை மட்டும் எந்திரம் ஒப்புக்கொள்ளும்படி செய்தாள். “உங்களை நம்ப மாட்டேங்குது சார்” என்றாள், எந்திரத்துக்காக மன்னிப்புக் கேட்பது போல.

உள்ளே அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். கண்டிப்பானவளாக இருப்பாள் என்று நினைத்து வந்தவனுக்கு அவள் சாதுவாக இருந்தது ஏமாற்றமாகக்கூட இருந்தது. வயதைக் கேட்டாள்.

“கரான்த்-தெ.”

அவள் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். வீட்டு எண் கேட்டாள்.

“செஸ்.”

திருமணமாகி எத்தனை ஆண்டுகள்?

“தீஸ்.”

“ட்ரே பியேன்” என்று அவள் சிரித்தாள். நல்லது என்று அர்த்தம். மேடம் வருடத்தில் இரண்டு தடவைதான் அதைச் சொல்வாள். ஜோடியின் காதில் ஒவ்வொரு பதிலும் ‘ணங்’, ‘ணங்’ என்று விழுந்தது. ஒரு விரிசல் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

பிள்ளைகள் எத்தனை என்று அவள் கேட்டாள்.

கேள்வி அவனுக்குத் தெளிவாகப் புரிந்தது. பாப்பாவின் முகம் தெரிந்தது. மூக்கும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை என்று கேட்டால் அந்த வாய் எண்ணத் தொடங்கும். எண்ணத் தொடங்கினால் இரண்டில்தான் தொடங்கும்.

“தெ” என்றான்.

“தெ?” அதிகாரி காகிதத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

உச்சரிப்பைச் சோதிக்கிறாள் என்று நினைத்தான். இரண்டு விரலை உயர்த்தி, இன்னும் அழுத்தமாக, இன்னும் அழகாகச் சொன்னான். “உய். தெ.” ஆமாம், இரண்டு.

அவள் எழுதிக்கொண்டாள்.

வெளியே மச்சினன் குடையோடு காத்திருந்தான். “எப்படி மாமா?”

“பிச்சு எடுத்துட்டேன் மாப்ள. சிரிச்சாங்கடா அந்தம்மா.”

பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டான். “ரெண்டு” என்றான் மச்சினன்.

ஜோடி எழுந்து நின்றான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மழையில், வந்த வழியே ஓடினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவலாளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“உள்ள ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிட்டேங்க. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்துடறேன்.”

“வெளிய வந்தா வந்ததுதான் சார்.”

“பிள்ளை ஒண்ணுங்க எனக்கு. ஒண்ணு. அன். அன்!”

“சந்தோஷம் சார். எழுதிப் போடுங்க.”

அந்தச் சொல் அவன் வாயில் அவ்வளவு சுத்தமாக வந்தது அப்போதுதான்.

*

எழுதிப் போட்டான். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் அவர்கள் கடிதம் வந்துவிட்டது. அதை மேடம்தான் படித்துச் சொன்னாள்.

“அடேயப்பா! உச்சரிப்பு ‘மிக நன்று’ன்னு போட்டிருக்காங்க. இத்தனை வருஷத்துல என் ஸ்டூடன்ட் யாருக்கும் இப்படிப் போட்டதில்ல.” அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். “பாஷையில பாஸ். ஆனா உங்க மிஸஸ் ஒரு பிள்ளைன்னு எழுதியிருக்காங்க, நீங்க ரெண்டுன்னு சொல்லியிருக்கீங்க. அந்த ரெண்டாவது பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ் வேணும். இல்லன்னா அப்படி ஒரு பிள்ளை இல்லைன்னு சர்க்கார் சான்றிதழ் வேணும். பாப்பாவுக்கு ஆயிடுச்சு, உங்களுதை மட்டும் அதுவரைக்கும் நிறுத்தி வெச்சிருக்காங்க.”

“இப்போ என்ன மேடம் பண்றது?”

“முதல் பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா? போர்டுல ஒட்டணும்.”

நகராட்சி ஆபீசில் பிறப்பு இறப்புப் பிரிவு ஒரே ஜன்னல்தான். குமாஸ்தா தலையைத் தூக்காமல் கேட்டான். “பிறப்பா, இறப்பா?”

“ரெண்டும் இல்லைங்க.”

குமாஸ்தா தலையைத் தூக்கினான். ஜோடி முழுக்கச் சொன்னான். குமாஸ்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்து மேஜைக்காரனையும் கூப்பிட்டு மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னான்.

“பிறந்த பிள்ளைக்குத்தான் சார் சான்றிதழ். பிறக்காத பிள்ளைக்கு இங்க பிரிவு கிடையாது.”

“பிறக்கலைன்னே எழுதிக் குடுங்களேன்.”

“எந்தப் பிள்ளை பிறக்கலைன்னு? பேர் சொல்லுங்க. தேதி சொல்லுங்க. புத்தகத்துல தேடணும்ல? எதுவும் இல்லாம எதை இல்லைன்னு எழுதறது?” குமாஸ்தாவுக்கு உண்மையிலேயே உதவ ஆசை இருந்தது. குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு பண்ணலாம். ரெண்டாவது பிள்ளை இருக்குன்னு வேணும்னா எழுதித் தர்றேன். தாமதப் பதிவுன்னு போட்டுடலாம். சாட்சிக்கு ரெண்டு பேர் போதும். அது ஈசி.”

ஜோடி கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பின்னால் இருந்தவர் நிஜமாகவே செத்துப்போன யாருக்காகவோ வந்திருந்தார். அவருக்கு வழி விட்டான்.

அன்று மாலை மச்சினன் வழக்கம்போல் கேலி செய்யவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. சோறு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். பாப்பா மூலையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லு.”

“வாய் தவறினா வேற ஏதாவது தவறும். பஸ் நம்பர் தவறும், தேதி தவறும். பெத்த பிள்ளை எத்தனைங்கறது தவறுமா?”

“மாப்ள, நான் எண்ணுனேன்டா. சொல்லல, எண்ணுனேன். நீ வேணா கூடத்துல வந்து பாரு.”

“அதிகாரி ரெண்டாவது தடவை கேட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? அப்பவும் ரெண்டுன்னுதான சொல்லியிருக்கீங்க. விரலைக் காட்டி.” அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. “எனக்கு நீங்க வேணும்தான் மாமா. ஆனா அவ என் கூடப் பொறந்தவ. எங்கயாவது ஒரு பையன் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் பக்குவமாப் பேசிக்கறேன்.”

ஜோடி சிரித்துப் பார்த்தான். எதிரே யாரும் சிரிக்காததால் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தான்.

தொழிற்சாலைக்கும் விஷயம் போய்விட்டது. “அந்த ரெண்டாவது பிள்ளை நல்லாருக்கானா?” என்று போகிற வருகிறவர்கள் கேட்டார்கள். பேக்கிங் அக்கா மட்டும் கேட்கவில்லை. “இருக்கறதைக்கூட மறைச்சுடலாம்டா. இல்லாததை எங்க கொண்டுபோய் மறைப்பே?” என்றாள். அவன் “நூறு” என்று தமிழில் குரல் கொடுத்தான். அவள் பெட்டியை மூடினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அவள் ‘என்னங்க’ என்று ஆரம்பிக்கவில்லை.

“இங்க ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. உன் வீட்டுக்காரருக்கு இன்னொரு பிள்ளை இருக்காமே, உனக்குத் தெரியுமான்னு.”

“நீ என்ன சொன்னே?”

“நான் என்ன சொல்றது? மூணு வருஷமா நான் அங்க இல்ல.”

“நீ இல்லன்னா என்ன? நான் இருக்கேன்ல? நான் சொல்றேன்ல?”

“அவங்ககிட்ட சொன்னதும் நீங்கதான.”

“வாய் எண்ணிடுச்சுடி. பதினெட்டு வருஷமா ரெண்டுலதான் ஆரம்பிக்கிறேன். உனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு வந்தவங்களையே நான் ஜோடி ஜோடியாத்தான் எண்ணுனேன்னு நீயே சொல்லிச் சிரிப்பியே.”

போனில் வெறும் இரைச்சல் ஓடியது. கிழவி எங்கோ கத்துவதும், மகன் சமாதானம் சொல்வதும் கேட்டது.

“அந்த வார்த்தை எனக்கும் தெரியும்ங்க” என்றாள் அவள். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைப்பாகத்தான் இருந்தாள். “இங்க வந்து முதல்ல கத்துக்கிட்டது அதுதான். பஸ்ல ஏறினா எத்தனை பேருன்னு கேப்பாங்க. டாக்டர்கிட்ட போனா, கூட எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு கேப்பாங்க. வீடு பாக்கப் போனா கேப்பாங்க. ஒண்ணு, ஒண்ணுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தேஞ்சுபோச்சு. உங்களுக்கு அது ஒண்ணு மட்டுமா வரல?”

அவன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

“நீ நம்பறியா இல்லையா?” என்று கடைசியில் கேட்டான்.

“நம்பறேன்னு சொன்னா பேப்பர் வந்துடுமா?” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். “பாப்பாவை அனுப்பிடுங்க. எனக்குத் தெரிஞ்ச நர்ஸு ஒருத்தங்க அங்கேர்ந்து வர்றாங்க. வர்ற வியாழக்கிழமை. அவங்ககூட அனுப்பிடுங்க.”

“என்னோடது?”

“மறுபடியும் முதல்லேர்ந்து போடணுமாம். பாக்கலாம்.”

அவள் ‘பாக்கலாம்’ சொல்வதை அவன் கல்யாணமான புதிதிலிருந்து கேட்டிருக்கிறான். வாடகையை ஏற்றக் கேட்கும் வீட்டு ஓனரிடம் சொல்வாள், சீட்டுப் பிடிக்கக் கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வாள், விருப்பமில்லாத கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்களிடம் சொல்வாள். அவனிடம் இதுவரை சொன்னதில்லை.

*

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. மாதக்கணக்கில் காயாத துணியெல்லாம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மச்சினன் வண்டி கூப்பிடப் போயிருந்தான். பேச்சு குறைந்துபோயிருந்தாலும் வேலைகளை அவன் குறைக்கவில்லை.

ஜோடி தரையில் உட்கார்ந்து பெட்டியில் துணி அடுக்கினான். கவுன்கள், பள்ளிக்கூட ஷூ, தலைவாரும் சீப்பு. பாப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் முடிந்து பெட்டியை மூடப் போகும்போது பார்த்தான். அலமாரியின் கீழ்த் தட்டில் அவளுடைய மஞ்சள் ஸ்வெட்டர் மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு கலர் பென்சில் டப்பா.

“இதை விட்டுட்டியே. அங்க குளிருமாம், அம்மா சொன்னாள்ல?”

“அது எடுத்துக்க வேண்டாம்ப்பா. அது தம்பிக்கு.”

“எந்தத் தம்பி?”

“ரெண்டாவது” என்றாள் பாப்பா, சாதாரணமாக.

ஜோடி பெட்டியின் மூடியைப் பிடித்தபடியே இருந்தான்.

“மாமா சொன்னாங்க, அம்மா சொன்னாங்க, ஆபீஸ்ல எல்லாம் சொன்னாங்கல்ல. எனக்கு முதல்ல கோவமாத்தான் இருந்துச்சு. என்கிட்ட மட்டும் சொல்லலையேன்னு. அப்புறம் யோசிச்சேன். நான் போயிட்டா நீங்க தனியா இருப்பீங்கள்ல. மாமாவும் கடைக்குப் போயிடுவாங்க.” அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நான் போனதும் அவன் இங்க வந்துடுவான்தான?”

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மச்சினன் டிரைவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்படி யாரும் இல்லை என்று சொல்வதற்கு ஜோடி வாயைத் திறந்தான். இந்த மாதத்தில் அதைக் காவலாளியிடம் சொல்லியிருக்கிறான், குமாஸ்தாவிடம், மச்சினனிடம், மனைவியிடம் சொல்லியிருக்கிறான். யாரும் நம்பவில்லை. இவள் நம்பிவிடுவாள். நம்பிவிட்டு, அந்த நர்ஸின் பக்கத்தில், அவ்வளவு தூரமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போவாள்.

“வந்துடுவான்” என்றான்.

“எத்தனை வயசு அவனுக்கு?”

“நாலு.”

பாப்பா ஸ்வெட்டரை எடுத்து விரித்துப் பார்த்தாள். “அப்போ இது பெருசா இருக்கும். கை தொங்கும். மடிச்சு விடுங்க, என்ன?”

அவன் அதை வாங்கி மடியில் வைத்து இரண்டு கைகளையும் மடித்தான். “இப்படியா?”

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “இன்னும் ஒரு மடிப்பு” என்றாள்.